தொட்டிக்கு எது, பாத்திக்கு எது: மட்கு உரம், தொட்டிக் கலவை, மூடாக்கு பற்றி ஒரு கேள்வி

துளிர்:

அனைவருக்கும் வணக்கம். நான் தோட்டம் தொடங்கி இன்னும் ஓராண்டு நிறையவில்லை. இதுவரை செய்த இரண்டு தவறுகளைச் சொல்லிவிட்டுக் கேள்விக்கு வருகிறேன். அவை ஏன் நேர்ந்தன என்று புரிந்தால்தான் அடுத்த முறை சரியான பையைத் தேர்ந்தெடுக்க முடியும் என்று நினைக்கிறேன்.

என்னிடம் பதினான்கு தொட்டிகளும், 3 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு பாத்தியும் உள்ளன. தொட்டிகளின் அடியில் ஓட்டுச் சில்லுகளைப் பரப்பி, அதன் மேல் ‘கம்போஸ்ட்’ (மட்கு உரம்) என்று அச்சிட்ட பைகளில் இருந்ததை மட்டுமே விளிம்புவரை நிரப்பி, தக்காளி, மிளகாய் நாற்றுகளை நட்டேன். மண்ணுடன் கலக்கும் உரமே இவ்வளவு நன்மை செய்யுமானால், முழுவதும் உரமாகவே இருந்தால் செடி இன்னும் செழிக்கும் என்று எண்ணினேன். மூன்று வாரங்களில் இலைகள் மஞ்சளாகின; சில நாற்றுகளில் இலை நுனி கருகியது. ஊற்றும் நீர் நெடுநேரம் மேலேயே தேங்குகிறது. நிரப்பியது நான்கு விரற்கடை கீழே இறங்கிவிட்டது. பாத்தியில் மண் இறுகிக் கிடந்ததால், அதை இளக்குவதற்காகப் புதிய மரத்தூளைக் கொட்டி ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்திக் கலந்தேன். அங்கே விதைத்த முள்ளங்கி வெளிறிப்போய், வளர்ச்சியில்லாமல் அப்படியே நிற்கிறது.

விற்பனை இடங்களில் கம்போஸ்ட், பாட்டிங் மிக்ஸ், கார்டன் சாயில், மல்ச் என்று பல பெயர்களில் பைகள் இருக்கின்றன. இவற்றில் எது எந்த இடத்துக்கு உரியது, பையைத் திறந்து பார்த்து நல்லதா என்று எப்படி அறிவது, மண்ணின் மேல் பரப்பும் மூடாக்குக்கு (மல்ச்) எதை இடுவது ஆகிய மூன்றையும் விளக்கினால் மிகவும் உதவியாக இருக்கும்.

வேர்நுனி:

வணக்கம். உங்கள் தொட்டிகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மட்கு உரத்தைப் பற்றி என்னைவிட நன்றாக அறிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

தொட்டியில் இருக்கும் வேருக்கு உணவைவிட முதலில் தேவைப்படுவது காற்று. நிலத்தில் பெய்யும் நீர், கீழே தொடர்ச்சியாக இருக்கும் மண்ணின் ஈர்ப்பினால் ஆழத்துக்கு இறங்கிக்கொண்டே போகும். தொட்டியில் அந்தத் தொடர்ச்சி அடிப்பகுதியோடு அறுந்துவிடுவதால், வடிந்து முடிந்த பிறகும் அடியில் சில விரற்கடை உயரத்துக்கு ஒரு பகுதி நீரால் நிறைந்தே நிற்கும். ஒரு ஸ்பாஞ்ச் பஞ்சை நன்றாக நனைத்துப் படுக்கை வாட்டில் பிடித்துச் சொட்டுவது நிற்கும்வரை காத்திருங்கள். பிறகு அதை நிமிர்த்திச் செங்குத்தாகப் பிடித்தால் மறுபடியும் நீர் சொட்டும். பஞ்சு அதேதான், உயரம் கூடியதால் மேற்பகுதியில் இருந்த நீர் கீழே இறங்க முடிந்தது. ஆகவே, ஒரே கலவையை ஆழமற்ற தட்டிலும் உயரமான தொட்டியிலும் இட்டால், தட்டில்தான் வேர் மூச்சுத் திணறும்.

ஓட்டுச் சில்லுகள் வடிகாலுக்கு உதவும் என்று பலரும் நம்புகிறார்கள். நானும் பல ஆண்டுகள் அதையே செய்தேன். மென்துகள் அடுக்கிலிருந்து பெருந்துகள் அடுக்குக்கு நீர் எளிதில் இறங்காது. மேலே இருப்பது முழுவதும் நனைந்து நிறைந்த பிறகே இறங்கும். அதனால் சில்லுகளை இடும்போது அந்த நீர் நிறைந்த பகுதி மறைவதில்லை, சில்லுகளின் உயரத்துக்கு மேலே ஏறி வேரை நெருங்குகிறது. துளை வழியே கலவை வெளியேறாமல் இருக்க ஒரு வலைத்துண்டு போதும்.

மட்கு உரத்தை மட்டுமே நிரப்பினால் ஏற்படும் தொல்லை இங்கிருந்துதான் தொடங்குகிறது. அதன் துகள்கள் மிகவும் மென்மையானவை. தொடர்ந்து மட்கிக்கொண்டே இருப்பதால் மேலும் நொறுங்கிப் படிந்து, இடையிலிருந்த காற்றிடங்களை அடைத்துவிடுகின்றன. நீங்கள் கண்ட நான்கு விரற்கடை இறக்கமும் மேலே தேங்கும் நீரும் அதன் அடையாளங்கள். அத்துடன், பல மட்கு உரங்களில், குறிப்பாகச் சாணம் கலந்தவற்றில், கரையும் உப்புகள் மிகுதியாக இருக்கும். நுனி கருகியதற்கு அதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். பாட்டிங் மிக்ஸ் எனப்படும் தொட்டிக் கலவை, வடிந்த பிறகும் தன் கன அளவில் பத்தில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் ஒரு பங்குவரை காற்று தங்கும்படி அமைக்கப்படுவது. நான் கலப்பது இப்படி: தென்னை நார்க்கழிவோ நன்கு மட்கிய மரப்பட்டையோ ஐந்து பங்கு, முதிர்ந்த மட்கு உரம் இரண்டு பங்கு, பெர்லைட் அல்லது கடுகைவிடச் சிறிதாக இல்லாத பருமணல் இரண்டு பங்கு. மண்புழு உரமாக இருந்தால் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் ஒரு பங்குவரை போதும். நைசான மணலைச் சேர்க்காதீர்கள். அது காற்றிடங்களில் போய் உட்கார்ந்து கலவையை இறுக்கிவிடும். பெர்லைட் என்பது எரிமலைக் கண்ணாடிப் பாறையைச் சுமார் 900 டிகிரி செல்சியஸில் பொரித்து எடுப்பது. அதில் சத்து எதுவும் இல்லை, இடைவெளி உண்டாக்குவதற்காக மட்டுமே இடுகிறோம்.

தென்னை நார்க்கழிவு கட்டியை வாங்கினால் (5 கிலோ கட்டி ஊறியபின் ஏறக்குறைய 60 முதல் 75 லிட்டர்வரை வரும்) அதை ஊறவைத்த நீரை வடித்துவிட்டு, நல்ல நீரில் இரண்டு மூன்று முறை அலசுங்கள். அதில் சோடியமும் சாம்பல் சத்தும் (பொட்டாசியம்) ஒட்டியிருக்கும். சுண்ணாம்புச்சத்து மிகக் குறைவு. மேற்பரப்பு உலர்ந்து வெளிறித் தெரியும்போதே உள்ளே ஈரம் நிறைந்திருக்கும் என்பதால், விரலை இரண்டு கணு ஆழத்துக்கு நுழைத்துப் பார்த்தே நீர் ஊற்ற வேண்டும். கரிநிலங்கள் எனப்படும் சதுப்புகளிலிருந்து வெட்டியெடுக்கும் பீட் பாசிக் கலவையும் பைகளில் வரும். வேலைக்கு நல்ல பொருள்தான். முற்றிலும் காய்ந்துவிட்டால் மட்டும் நீரை ஏற்காமல் தள்ளும். ஆனால் அது ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் உருவாகிறது. உலக நிலப்பரப்பில் 3 சதவீதமே உள்ள அந்தச் சதுப்புகள், உலகக் காடுகள் அனைத்தின் மரங்களிலும் உள்ளதைவிட அதிகக் கரிமத்தை (கார்பன்) புதைத்து வைத்திருக்கின்றன. மாற்று இருக்கும்போது அதை நான் வாங்குவதில்லை.

‘கார்டன் சாயில்’ என்ற பை நிலத்தில் கலப்பதற்கானது. அதைத் தொட்டியில் இட வேண்டாம்.

மட்குக்குழி:

வேர்நுனி தொட்டியின் காற்றைப் பற்றி எழுதிவிட்டார். நான் பையின் உள்ளே இருக்கும் பொருளைப் பற்றியும், உங்கள் மரத்தூளைப் பற்றியும் எழுதுகிறேன். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: மட்கும் வேலை முடிந்துவிட்டதா, இன்னும் நடந்துகொண்டிருக்கிறதா?

மட்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்குக் கரிமமும் தழைச்சத்தும் (நைட்ரஜன்) சேர்ந்து தேவைப்படும். குவியலைத் தொடங்கும்போது ஒரு பங்கு தழைச்சத்துக்கு 25 முதல் 30 பங்கு கரிமம் இருந்தால் வேலை சீராக நடக்கும். புல்வெட்டில் இது 20 அளவிலும், வைக்கோலில் 80 அளவிலும், மரத்தூளில் பல நூறாகவும் இருக்கிறது. நீங்கள் அந்த மரத்தூளை மண்ணுக்குள் புகுத்தியபோது, அதைத் தின்னத் தொடங்கிய நுண்ணுயிர்கள் தங்களுக்குப் போதாத தழைச்சத்தைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து எடுத்துக்கொண்டன. முள்ளங்கிக்கு மிஞ்சவில்லை. அந்தச் சத்து அழிந்துவிடவில்லை, நுண்ணுயிர்களின் உடலில் இருக்கிறது; மரத்தூள் மட்கி முடியும்போது மெல்லத் திரும்பிவரும். அதற்குச் சில மாதங்களோ ஓராண்டோ ஆகலாம். அதுவரை தழைச்சத்து மிகுந்த நீர்ம உரத்தையோ பிண்ணாக்குத் தூளையோ சிறிது சிறிதாக இட்டு ஈடுசெய்யுங்கள். அல்லது அந்தப் பாத்தியில் ஒரு பருவம் பயறு வகைகளை விதையுங்கள். மறுபடியும் கொத்திக் கிளற வேண்டாம்.

பையில் வரும் மட்கு உரமும் இப்படி அரைகுறையாக இருக்கலாம். என் தோட்டத்தில் ஒரு முறை, தொடும்போது கதகதப்பாக இருந்த உரத்தை அவசரத்தில் இட்டு, ஒரு பாத்தி நாற்றுகளை முழுவதுமாக இழந்தேன். அன்றிலிருந்து எந்த உரத்தையும் சோதிக்காமல் இடுவதில்லை. முதலில் முகர்ந்து பாருங்கள். முதல் மழை விழுந்த மண்ணின் வாசம் வர வேண்டும். மூக்கைக் குத்தும் அம்மோனியா நெடியோ, அழுகல் நாற்றமோ, புளித்த வாடையோ வந்தால் அது முடியவில்லை. தண்டு, இலை, தோல் என்று மூலப்பொருளை அடையாளம் காணும்படி இருக்கக் கூடாது. பிறகு ஒரு கைப்பிடியை ஈரப்படுத்தி, காற்றுப் புகாத உறையில் அடைத்து ஒரு வாரம் வைத்துத் திறந்து முகருங்கள். அப்போதும் மண்வாசம் மாறாமல் இருந்தால் முதிர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். நன்றாக மட்கிய உரம் கறுப்பாக இருக்க வேண்டும் என்பதில்லை, பழுப்பாகவும் இருக்கும். அடர்கறுப்பாகவும் பிசுபிசுப்பாகவும் இருந்தால் காற்றில்லாமல் அழுகியிருக்கலாம்.

மூன்றாவது சோதனையை மட்டும் யாரும் தவிர்க்க வேண்டாம் என்று வேண்டிக்கொள்கிறேன். மேய்ச்சல் நிலங்களிலும் புல்தரைகளிலும் அகன்ற இலைக் களைகளைக் கொல்லத் தெளிக்கும் குளோபைராலிட், அமினோபைராலிட் போன்ற களைக்கொல்லிகள், அந்தப் புல்லைத் தின்ற மாட்டின் வயிற்றைக் கடந்து, சாணத்தில் வந்து, மட்கும் குவியலின் சூட்டையும் தாங்கி உரத்தில் தங்கிவிடக்கூடியவை. 2008ஆம் ஆண்டில் பிரிட்டனில் ஏராளமான வீட்டுத் தோட்டங்களில் தக்காளி, உருளை, அவரைச் செடிகள் சுருண்டு முறுக்கிக்கொண்டதை அடுத்து, அமினோபைராலிட் மருந்துகளின் விற்பனை அங்கே சில காலம் நிறுத்திவைக்கப்பட்டது. முகர்ந்தோ தொட்டோ இதைக் கண்டுபிடிக்க முடியாது. நம்பகமான பழைய கலவையை மூன்று சிறு தொட்டிகளிலும், அதே கலவையுடன் புதிய உரத்தைச் சரிபாதியாகச் சேர்த்து மற்ற மூன்றிலும் நிரப்பி, இரண்டிலும் அவரையோ பட்டாணியோ விதைத்து மூன்று வாரம் பாருங்கள். புதிய உரமுள்ள தொட்டிகளில் மட்டும் இளந்தளிர் கிண்ணம்போல் குவிந்தோ, நரம்புகள் நெருங்கி முறுக்கியோ வந்தால் அந்த உரத்தைக் காய்கறிகளுக்கு இடாதீர்கள்.

அளவைப் பொறுத்தவரை, ஒரு சதுர மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்ப 10 லிட்டர் தேவை என்பதை நினைவில் கொண்டால் எந்தக் கணக்கையும் போடலாம். உங்கள் பாத்தி 3.6 சதுர மீட்டர். இறுகிய மண்ணைத் திருத்த முதலாண்டில் இரண்டரை சென்டிமீட்டர் என்றால் 90 லிட்டர் வரும். அடுத்தடுத்த ஆண்டுகளில் ஒரு சென்டிமீட்டரே போதும். சாண உரத்தை ஆண்டுதோறும் தாராளமாகக் கொட்டும் தோட்டங்களில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) செடி எடுத்துக்கொள்வதைவிட வேகமாகச் சேர்ந்துவிடுகிறது. அது மிகுந்தால் செடிக்கு இரும்பும் துத்தநாகமும் கிடைப்பது குறையும், வேரோடு கூடி வாழும் பூஞ்சைகளும் குறையும். வாங்கும்போது எடையைப் பார்க்காமல் லிட்டரைப் பாருங்கள். ஈரமான உரத்தில் எடையின் பெரும்பகுதி தண்ணீர்.

துளிர்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மரத்தூளை நான் எடுத்துவிட முயலவில்லை, உங்கள் சொல்படியே கிளறாமல் விடுகிறேன். ஒரு ஐயம்: மரத்தூள் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும் என்றால், மரச்சீவலை மூடாக்காக இடுவதும் அதே தீங்கைச் செய்யாதா?

சருகு:

செய்யாது. தழைச்சத்தை இழுப்பது, மரத்துண்டும் மண்ணும் தொடும் இடத்தில் மட்டும் நடப்பது. சீவலை மேலே பரப்பினால் அந்தத் தொடுபரப்பு மண்ணின் மேல்தோல் அளவே. வேர்கள் உண்ணும் ஆழத்துக்கு அது எட்டாது. மேல்தோலில் முளைக்கப் பார்க்கும் களைவிதைகளுக்குத்தான் சத்து கிடைக்காமல் போகும், அது நமக்கு உதவியே. ஆகவே விதைத்த பாத்தியில் முளைப்பு ஒரு விரல் உயரம் வரும்வரை காத்திருங்கள். நாற்று நடும்போது சீவலை ஒதுக்கி, மண்ணில் நட்டு, பிறகு திரும்ப இழுத்துவிடுங்கள். சீவல் குழிக்குள் விழக் கூடாது.

பொருளைத் தேர்வதற்கு நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி, அந்த இடத்தை எவ்வளவு அடிக்கடி கொத்தப்போகிறேன் என்பதே. மரங்கள், புதர்ச்செடிகள் போலப் பல ஆண்டுகள் கலைக்காத இடத்தில் மரச்சீவலுக்கு இணையானது இல்லை. 7 முதல் 10 சென்டிமீட்டர் கனம் இடுங்கள். இலையும் குச்சியும் பட்டையும் கலந்த கரடுமுரடான சீவல், அழகாகச் சலித்த பட்டைத் துண்டைவிட நன்றாக நீரை உள்ளே விடும். பருவந்தோறும் கொத்தும் காய்கறிப் பாத்தியில் விரைவில் மட்கும் வைக்கோலும் உலர்ந்த சருகும் ஏற்றவை. வைக்கோல் வேறு, விதையோடு அறுத்துக் காயவைத்த தீவனப் புல் வேறு. பின்னதை இட்டால் களையை நாமே விதைத்ததாக ஆகிவிடும். புல்வெட்டைப் பச்சையாகக் கனமாகக் குவித்தால் பாய்போல் ஒட்டிக்கொண்டு சூடேறி நாறும். அதை உலர்த்தி 2 அல்லது 3 சென்டிமீட்டர் மட்டும் தூவி, அது வாடியபின் மறுபடி தூவலாம். களைக்கொல்லி பற்றி மட்குக்குழி சொன்ன எச்சரிக்கை புல்வெட்டுக்கும் வைக்கோலுக்கும் பொருந்தும்.

எதை இட்டாலும், ஈரமான மண்ணின் மீது இடுங்கள். காய்ந்த மண்ணை மூடினால் அடுத்து வரும் சிறு தூறலை மூடாக்கே குடித்துவிடும். தண்டைச் சுற்றி நாற்றுக்கு நான்கு விரற்கடையும் மரத்துக்கு ஒரு சாணும் வெறுமையாக விட்டுவிடுங்கள். மரத்தடியில் கூம்பாகக் குவித்து அடிமரத்தை மூடிவைப்பதைப் பல தோட்டங்களில் பார்க்கிறேன். பட்டை எப்போதும் நனைந்து அழுகுகிறது, எலி போன்றவை மறைவில் இருந்து பட்டையைக் கடிக்கின்றன, வேர்கள் மேலே வந்து அடிமரத்தையே சுற்றி இறுக்குகின்றன. ஒரு மரம் மெல்லச் சாவதற்குப் பல ஆண்டுகள் ஆவதால், காரணம் அந்தக் குவியல்தான் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. இதைத் தெரிந்தவர்கள் பார்க்கும் இடத்திலெல்லாம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

பையில் நெடுநாள் அடைபட்ட ஈரச் சீவல் சிலசமயம் காடிபோல் புளித்த வாடை வீசும். காற்றில்லாமல் ஊறியதால் அதில் அசிட்டிக் அமிலம் சேர்ந்திருக்கும். அப்படியே இட்டால் ஒரே நாளில் இலைகள் வெளுத்துக் கருகும். திறந்த இடத்தில் பரப்பி, நீர் தெளித்து, வாடை போகும்வரை சில நாள் ஆற விடுங்கள். பழைய கட்டடப் பலகைகளிலிருந்து செய்த, சாயமேற்றிய சீவலில் ஆர்சனிக் கலந்த மருந்தேற்றிய மரம் சேர்ந்திருக்கலாம் என்பதால், எதிலிருந்து செய்தது என்று தெரியாத சாயச் சீவலைக் காய்கறிக்கு இடுவதில்லை. வளர்ப்பு நாய் இருக்கும் வீட்டில் கோகோ விதைத்தோல் மூடாக்கு வேண்டாம். அதிலுள்ள தியோபுரோமின் நாய்க்கு நஞ்சு.

பழைய தொட்டி:

வேர்நுனியின் கலவையோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் தொட்டிக்கு மண்ணே ஆகாது என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். 1930களில் இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனத்தில் வில்லியம் லாரன்சும் ஜான் நியூவெலும் உருவாக்கிய தொட்டிக் கலவை, ஏழு பங்கு வண்டல் கலந்த நல்ல மண், மூன்று பங்கு பீட், இரண்டு பங்கு பருமணல் கொண்டது. அதுவரை ஒவ்வொரு செடிக்கும் ஒவ்வொரு கலவை என்று தோட்டக்காரர்கள் வைத்திருந்த நிலையை அது மாற்றியது. அதில் மண்ணை நீராவியால் சூடேற்றி நோய்க்கிருமிகளை நீக்கிவிட்டே கலந்தார்கள் என்பதையும், அது களிமண் அல்ல, புல்லை வேரும் மண்ணுமாக வெட்டியெடுத்த பத்தைகளை அடுக்கி மட்கவைத்து எடுத்த பொலபொலப்பான மண் என்பதையும் மறக்கக் கூடாது. எலுமிச்சை, மாதுளை போல ஒரே தொட்டியில் பல ஆண்டுகள் நிற்கும் செடிகளுக்கு நான் மூன்றில் ஒரு பங்கு மண் சேர்க்கிறேன். மட்கும் பொருள் மட்டுமே இருந்தால் அது ஆண்டுக்கு ஆண்டு கரைந்து, மரம் தொட்டிக்குள் அமிழ்ந்துகொண்டே போகிறது. மண் அப்படி மறைவதில்லை, காற்றில் தொட்டி சாயாமல் எடையும் தருகிறது. ஒரு பருவக் காய்கறிக்கு மண் தேவையில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொன்று, இது உடல்நலம் பற்றியது. 1980களின் இறுதியில் ஆஸ்திரேலியாவில் லெஜியோனெல்லா லாங்பீச்சே என்ற பாக்டீரியாவால் வந்த நுரையீரல் காய்ச்சல், பையில் விற்கும் தொட்டிக் கலவையோடு தொடர்புடையது என்று கண்டறியப்பட்டது. பையின் வாயில் முகத்தை வைத்துத் திறக்காதீர்கள். திறந்த வெளியில் வெட்டி, தூசு பறக்காதபடி நீர் தெளித்து, முகக்கவசமும் கையுறையும் அணிந்து கலந்து, பிறகு கையைக் கழுவுங்கள். முகர்ந்து பார்க்கும் சோதனையையும் ஈரப்படுத்திய ஒரு சிறு பிடியைத் தள்ளிப் பிடித்தே செய்யுங்கள். வயதானவர்களும் நுரையீரல் நோயுள்ளவர்களும் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்.

துளிர்:

இவ்வளவு நேரம் எடுத்து எழுதிய அனைவருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று: பதினான்கு தொட்டிகளிலும் இப்போது இருக்கும் உரத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாக வாங்க வேண்டுமா? ஒன்பது செடிகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன.

வேர்நுனி:

கொட்ட வேண்டியதில்லை. முதலில் ஒவ்வொரு தொட்டியிலும் அதன் கொள்ளளவைப் போல இரு மடங்கு நீரை மெதுவாக ஊற்றி அடியில் வழியவிடுங்கள், மிகுதியான உப்பு கரைந்து போகும். இரண்டு நாள் ஈரம் சற்று வடிந்தபின், மாலை வேளையில், செடியை வேர்க்கட்டோடு பெயர்த்து எடுத்து நிழலில் வையுங்கள். வேர்கள் வெள்ளையாக இருந்தால் பிழைத்துவிடும். பழுப்பாகிக் கையோடு உருவிக்கொண்டு வருபவற்றைக் கத்தரித்துவிடுங்கள். தொட்டியில் இருந்த உரத்தை ஒரு விரிப்பில் கொட்டி, மட்குக்குழி சொன்ன முகரும் சோதனையைச் செய்யுங்கள். தேறினால் அதில் இரண்டு பங்கை எடுத்து, அலசிய நார்க்கழிவு ஐந்து பங்கும் பெர்லைட் இரண்டு பங்கும் சேர்த்து, சில்லுகள் இல்லாமல் மறுபடி நிரப்பலாம். முப்பது சென்டிமீட்டர் விட்டமும் அதே உயரமும் உள்ள நேரான தொட்டிக்கு 21 லிட்டர் கலவை பிடிக்கும். விளிம்பிலிருந்து இரண்டு விரற்கடை இடம் விட்டு நிரப்பி, கையால் அழுத்தாமல், தொட்டியைத் தரையில் இருமுறை தட்டி அமரவிட்டால் போதும்.

மிஞ்சும் உரம் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்குக்கு மேல் இருக்கும். அவரைச் சோதனை முடியும்வரை அதை மூடிவைத்து, தேறியபின் பாத்தியின் மேல் பரப்புங்கள். உங்களுக்குத் தேவையான 90 லிட்டர் அதிலேயே கிடைத்துவிடும். சோதனைக்கு உரத்தைப் பிரித்து எடுக்கும்போது எல்லாத் தொட்டிகளிலிருந்தும் சிறிது சிறிதாக எடுத்துக் கலந்துகொள்ளுங்கள். நீங்கள் வாங்கிய பைகள் அனைத்தும் ஒரே குவியலிலிருந்து வந்திருக்கும் என்று சொல்ல முடியாது.